வீட்ல இருந்தே ஆன்லைன்ல படிக்கிறேன், ரெண்டாவது வாரத்துலயே மூச்சு முட்டுது, தொடரலாமா விட்ரலாமா?

ராஜபாளையம்_கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க.

நான் 2012ல பி.எஸ்சி மேத்ஸ் முடிச்சேன். அடுத்த வருஷமே கல்யாணம். ரெண்டு பசங்க, பெரியவ ஏழாவது, சின்னவன் மூணாவது. அவர் ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் வேலை, மாமியார் எங்க கூட தான் இருக்காங்க. ஐஐடி மெட்ராஸ்ல டேட்டா சயின்ஸ்ல பிஎஸ்னு நாலு வருஷ டிகிரி ஆன்லைன்ல இருக்கு, ஜேஇஇ எல்லாம் வேண்டாம், பன்னெண்டாவது பாஸ் பண்ணிருந்தா போதும், வயசும் பாக்க மாட்டாங்கனு தங்கச்சி சொன்னா. பயந்து பயந்து தான் பணம் கட்டுனேன். இப்ப குவாலிபயர், அதாவது உள்ள சேர்றதுக்கான தகுதிச்சுற்று, ஓடிட்டு இருக்கு, நாலு வாரம் நாலு பாடம், மேத்ஸ், ஸ்டாட்ஸ் (புள்ளியியல்), கம்ப்யூட்டேஷனல் திங்கிங் (கம்ப்யூட்டர் மாதிரி படிப்படியா யோசிக்கறது), இங்கிலீஷ். நான் ரெண்டாவது வாரத்துல நிக்கிறேன்.

பாடம் கஷ்டமானு கேட்டா, இல்லங்க. உண்மைய சொல்லணும்னா பாடம் தான் சந்தோஷமே. நாங்க காலேஜ்ல தியரத்த மனப்பாடம் பண்ணி எழுதி பாஸ் பண்ணவங்க, ஃபங்ஷன், ரிலேஷன்னா உள்ள என்ன நடக்குதுனு இந்த முதல் வாரத்துல தான் எனக்கு புரிஞ்சுது. ஒரு வீடியோவ ஆறு தடவ நிறுத்தி நிறுத்தி பாத்தேன். காலேஜ்ல மூணு வருஷம் ஒரு தடவ கூட கை தூக்கி டவுட் கேட்டதில்ல, இங்க எத்தன தடவ திரும்ப கேட்டாலும் யாரும் முகம் சுளிக்கல.

கஷ்டம் வீடு தான். நான் லேப்டாப் முன்னாடி உக்காந்தா அது வேலைனு யாருக்கும் தெரிய மாட்டேங்குது. சிலிண்டர் வந்தா நான் தான், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தா நான் தான், மாமியாருக்கு மாத்திரை, நாத்தனார் போன், பக்கத்து வீட்டு பாப்பாவ அரை மணி நேரம் பாத்துக்கோனு விட்டுட்டு போறது, எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை, "வீட்ல தான இருக்க". இருபது நிமிஷ வீடியோவுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது. இதே நான் டெய்லி காலைல பஸ் ஏறி மதுரைக்கு போய் படிச்சா இதெல்லாம் யாராவது என்கிட்ட கேப்பாங்களா? ஆனா பஸ் ஏறி போற மாதிரி இருந்தா என்னால சேந்தே இருக்க முடியாது, அதுவும் உண்மை.

ராத்திரி பத்தரைக்கு மேல படிச்சு பாத்தேன், கண்ணு சொருகுது. ஞாயித்துக்கிழமை அசைன்மெண்ட் போடும்போது சின்னவன் மடில வந்து உக்காந்துட்டான், நான் அவன போட்டு திட்டிட்டேன், அப்புறம் எனக்கே அழுகையா வந்துச்சு. இதுக்கா நான் படிக்கணும்னு தோணிருச்சு.

இப்படி வீட்ல இருந்து படிச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. நேரத்த எப்படி ஒதுக்குனீங்க? இல்ல இது எனக்கு சரிப்படாதா?

---

பனியன்ஊர்க்காரன் பதில்:

வணக்கங்க்கா. நானும் அதே கோர்ஸ் தானுங்க. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன், குவாலிபயருக்கு அடுத்த கட்டமான ஃபவுண்டேஷன் முடிச்சு இப்ப டிப்ளமோ லெவல்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, நீங்க இப்ப இருக்கறது தான் இந்த கோர்ஸ்லயே நெருக்கடியான கட்டம். நாலு பாடத்தையும் ஒரே நேரத்துல எடுத்தே ஆகோணும், நாலே வாரம். இத தாண்டிட்டா அப்புறம் உங்க இஷ்டம். வருஷத்துக்கு மூணு டெர்ம் இருக்கு, ஜனவரி, மே, செப்டம்பர். ஒரு டெர்முக்கு ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ஃபவுண்டேஷன்ல எட்டு பாடம், 32 கிரெடிட் (பாடம் முடிச்சா சேர்ற புள்ளி). அதோட நிறுத்துனா ஒரு சர்டிபிகேட், அதுக்கு மேல டிப்ளமோ, 114 கிரெடிட்ல பிஎஸ்சி, 142 முடிச்சா பிஎஸ். முழுசா முடிக்க எட்டு வருஷம் வரைக்கும் டைம் தர்றாங்க. பாதில நின்னாலும் கைல ஒண்ணு இருக்கும், அதனால "நாலு வருஷம் எப்படி ஓட்டுவேன்"னு இப்பவே யோசிக்காதீங்க.

குவாலிபயருக்கு அசைன்மெண்ட்ல குறைஞ்சபட்ச மார்க் வாங்குனா தான் பரிச்சைக்கே விடுவாங்க, பரிச்சைல பொதுப்பிரிவுக்கு ஒவ்வொரு பாடத்துலயும் 40, மொத்தமா 50 சதவீதம் வேணும், ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு அதுவும் குறையும். நூத்துக்கு நூறு எடுக்கற போட்டியே இல்லீங்க இது. கட்டணத்துலயும் பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்து 75 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி இருக்கு, வருமான சர்டிபிகேட் இப்பவே தாலுகா ஆபீஸ்ல எழுதி குடுத்துருங்க, கடைசி நேரத்துல அலைய முடியாது.

என் கதைய சொல்றேன். ரெண்டாவது டெர்ம்ல ஆர்வத்துல மூணு பாடம் எடுத்தேன், சரியா அப்ப தான் ஷிப்மெண்ட் நேரம், ராத்திரி பதினொரு மணிக்கு தான் வீட்டுக்கே வருவேன். வாரம் ஒரு அசைன்மெண்ட் விட்டேன், அப்புறம் ரெண்டு விட்டேன், சராசரி குறைஞ்சு ஒரு பாடத்துல எண்ட் டெர்ம், அதாவது டெர்ம் கடைசி பரிச்சை, எழுதவே முடியல, கட்டுன பணம் போச்சு, அதே பாடத்த மறுபடியும் எடுத்தேன். ஆன்லைன்ல இது தானுங்க பிரச்சனை. காலேஜ்னா ரெண்டு நாள் போகலைன்னா ஃப்ரெண்டு போன் பண்ணி கேப்பான். இங்க நீங்க காணாம போனா போனது தான், ஒரு மெயில் வரும், அத திறக்க மாட்டீங்க.

அப்புறம் கம்ப்யூட்டேஷனல் திங்கிங் பத்தி ஒரு விஷயம். அதுல ஷாப்பிங் பில்லு, மார்க் கார்டு, ஒரு பாராவுல இருக்கற வார்த்தைங்கன்னு கார்டு கார்டா வெச்சு மாதவன் முகுந்த் சாரும் வெங்கடேஷ் சாரும் எண்ணி காட்டுவாங்கல்ல, அத வெறுமனே பாக்காதீங்க. பழைய காலண்டர் அட்டைய வெட்டி நீங்களே ஒரு இருபது கார்டு செஞ்சு கைல வெச்சு ஒவ்வொண்ணா தள்ளி பாருங்க. ஃபில்டர், ஃப்ளோசார்ட் எல்லாம் எனக்கு அப்படி தான் மண்டைல ஏறுச்சு. பின்னாடி பைதான்ல கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும்போது அந்த கார்டு தள்ளுனது தான் ஞாபகம் வந்துச்சு.

---

திருச்சி_வாத்தியார் பதில்:

அம்மா, நான் கலைக்கல்லூரில பாடம் நடத்துறவன். 2020 மார்ச்சுல காலேஜ் மூடுனதுல இருந்து ஒண்ணரை வருஷத்துக்கு மேல ஆன்லைன்ல கிளாஸ் எடுத்தேன், எங்க காலேஜ் பசங்கள என்பிடெல் (ஐஐடி வாத்தியார்கள் நடத்துற ஆன்லைன் பாடங்கள்) பரிச்சைக்கு தயார் பண்றதும் என் பொறுப்பு. அதுல பாத்தத வெச்சு சொல்றேன்.

நீங்க ஆறு தடவ வீடியோ பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. ஆர்வம் புரியுது, ஆனா அதுல தான் ஒரு குழி இருக்கு. வீடியோ பாக்கும்போது எல்லாம் புரியுற மாதிரியே இருக்கும், ஏன்னா சொல்றவர் நல்லா சொல்றார். மூடிட்டு வெறும் பேப்பர்ல அதே கணக்க போட சொன்னா மூணாவது வரில நின்னுடும். அதனால ஒரு தடவ பாருங்க, நோட்ல எழுதிக்கோங்க, மூடுங்க, நீங்களா போடுங்க, எங்க நிக்குதோ அந்த ரெண்டு நிமிஷத்த மட்டும் திரும்ப பாருங்க. ஆறு தடவ பாக்குற நேரத்துல பாதி மிச்சம் ஆகும். உங்களுக்கு நேரம் தானே பஞ்சம்.

இன்னொண்ணு, நோட்டு பேனா விஷயத்துல நான் பிடிவாதக்காரன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்ச பசங்க யாரும் அத திரும்ப பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல. கையால எழுதுறவங்களுக்கு அடுப்படில நின்னுகிட்டே கூட ஒரு பக்கத்த புரட்டி பாக்க முடியும், அதுக்கு லேப்டாப்பும் வேண்டாம் நெட்டும் வேண்டாம்.

ஒருவேளை இந்த தடவ குவாலிபயர் சரியா வரலைன்னா மனசு விட்ராதீங்க. என்பிடெல், இல்ல மத்திய அரசோட ஆன்லைன் பாட தளமான ஸ்வயம்ல ஒரே ஒரு பாடம் எடுத்து பழகலாம். பாடத்துக்கு காசு இல்ல, பரிச்சைக்கு மட்டும் தான் பணம் கட்டணும், அதுவும் நம்ம விருப்பம். நூறு மார்க்ல அசைன்மெண்டுக்கு 25, நேர்ல போய் எழுதுற பரிச்சைக்கு 75, ரெண்டுலயும் முறையே 10ம் 30ம் எடுத்தா சர்டிபிகேட். பன்னெண்டு வார பாடத்துல நல்ல மார்க் வந்த எட்டு அசைன்மெண்ட்ட மட்டும் தான் கணக்குல எடுப்பாங்க, அதனால ரெண்டு மூணு வாரம் வீட்டுல விசேஷம், காய்ச்சல்னு போனாலும் ஒண்ணும் ஆகாது. நிறைய பாடங்களுக்கு உரைய தமிழ்ல எழுத்து வடிவுலயும் போட்டிருக்காங்க, இங்கிலீஷ் வேகம் பிடிபடாதவங்களுக்கு அது பெரிய துணை.

---

தாம்பரம்_லோக்கல் பதில்:

சிஸ்டர், நான் பாதில விட்டவ. அதனால நான் சொல்றதையும் கேளுங்க.

குழந்தை பிறந்து வேலைய விட்டப்போ ஒரு தனியார் கம்பெனி ஆன்லைன் கோர்ஸ்ல சேந்தேன். பேர் வேண்டாம். போன்ல பேசுன பொண்ணு அவ்ளோ அன்பா பேசுச்சு, "இன்னைக்கே சேந்தா தான் இந்த ஃபீஸ்"னு சொல்லி பத்தே நிமிஷத்துல ஒரு லோன் ஃபார்ம்ல ஓடிபி வாங்கிட்டாங்க. அது லோன்னே எனக்கு முதல் மாசம் இஎம்ஐ பிடிச்சப்போ தான் தெரியும். மூணாவது மாசம் படிப்ப நிறுத்திட்டேன், இஎம்ஐ நிக்கல, ஒன்றரை வருஷம் கட்டுனேன். நீங்க சேந்த இடம் வேற, அங்க அந்த பயம் இல்ல. ஆனா இத படிக்கிற மத்தவங்களுக்காக சொல்றேன், டிகிரின்னு யாராவது சொன்னா அந்த யுனிவர்சிட்டி ஆன்லைன்ல அந்த படிப்ப நடத்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கானு யுஜிசி சைட்லயே பாருங்க, அவங்க அனுப்புற பிடிஎஃப்ப நம்பாதீங்க. முறையான அனுமதியோட நடக்கிற ஆன்லைன் டிகிரி நேர்ல போய் படிச்ச டிகிரிக்கு சமம்னு யுஜிசி 2022 செப்டம்பர்ல அறிவிச்சிருக்கு, அனுமதி இல்லாததுக்கு அது பொருந்தாது.

சரி நான் ஏன் விட்டேன்னா நீங்க சொன்ன அதே காரணம் தான். வீடு. நான் எல்லாருக்கும் புரிய வச்சிரலாம்னு நினைச்சு மாசக்கணக்கா சண்டை போட்டேன், அது தான் தப்பு. புரிய வைக்கிறத விட இடத்த மாத்துறது ஈசி. ராஜபாளையத்துல அரசு நூலகம் இருக்கும்ல? காலைல பசங்க ஸ்கூலுக்கு போனதும் புடவை மாத்தி, பை எடுத்து, தண்ணி பாட்டில் வச்சிட்டு "கிளாஸுக்கு போறேன்"னு சொல்லிட்டு கிளம்புங்க. வீடியோவ முன்னாடி நாளே டவுன்லோட் பண்ணிக்கோங்க, ஹெட்செட் போட்டுக்கோங்க. ரெண்டு மணி நேரம். வீட்டுக்குள்ள ஆறு மணி நேரம் உக்காந்து படிக்கிறத விட அது ஜாஸ்தி. வாசப்படி தாண்டுனா தான் பொம்பளைங்க ஏதோ வேலையா போறானு இந்த ஊர் ஒத்துக்குது, என்ன பண்றது. எனக்கு இத அன்னைக்கு சொல்ல ஆள் இல்ல.

பையன திட்டினேன்னு எழுதுனீங்க, அத படிச்சு தான் லாகின் பண்ணி இத டைப் பண்றேன். அதுக்காக படிப்ப விட்ராதீங்க.

---

ஜவ்வாதுமலை_தேன் பதில்:

அக்கா நான் உங்களுக்கு பதில் சொல்ற வயசு இல்ல, ஆனா ஆன்லைன் படிப்புன்னா எல்லாரும் நல்லதா பேசும்போது எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகுது, அதனால எழுதுறேன்.

எங்க ஊரு ஜமுனாமரத்தூர்ல இருந்து இன்னும் உள்ள போகணும். 2020ல நான் பதினொண்ணாவது. வீட்டுல ஒரே ஒரு போன், அது அப்பா கூட வேலைக்கு போயிடும். ஸ்கூல்ல வாட்ஸ்அப்ல நோட்ஸ் அனுப்புவாங்க, அத ராத்திரி அப்பா வந்தப்புறம் ஊருக்கு மேல இருக்கற பாறைக்கு போய் டவர் புடிச்சு டவுன்லோட் பண்ணுவோம், அண்ணன் டார்ச் அடிச்சிட்டு கூட வருவான். 2021 ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் காலேஜ் பசங்களுக்கு தினம் 2 ஜிபின்னு கவர்மெண்ட்ல டேட்டா கார்டு குடுத்தாங்க, அண்ணனுக்கு கெடச்சிது, அந்த நாலு மாசம் அவன் ஹாட்ஸ்பாட்ல தான் நான் ஏதோ படிச்சேன். டேட்டா இருந்தா போதுமா, டவர் வேணும்ல.

2021 செப்டம்பர் 1ம் தேதி ஸ்கூல் திறந்தப்போ நான் பன்னெண்டாவது. என் கிளாஸ்ல நாலு பேர் வரல. மூணு பசங்க திருப்பூர், பெங்களூர்னு வேலைக்கு போயிட்டாங்க, ஒரு பொண்ணுக்கு கல்யாணம் ஆயிடுச்சு. அவ எங்க எல்லாரையும் விட நல்லா படிக்கிறவ. வீட்ல இருந்து படின்னு சொன்னாங்க, வீட்ல இருக்கற பொண்ண எவ்ளோ நாள் சும்மா வச்சிருப்பாங்க.

அதனால பெரியவங்க வீட்ல இருந்து படிக்கிறது வேற, பதினாறு வயசுல வீட்ல இருந்து படின்னு சொல்றது வேற. எங்களுக்கு ஸ்கூல்னா பாடம் மட்டும் இல்ல, மதியம் சாப்பாடு, ஃப்ரெண்ட்ஸ், "ஏன்டி நேத்து வரல"னு கேக்கற டீச்சர், எல்லாம் சேந்து தான். உங்க பொண்ண மட்டும் ஸ்கூலுக்கு அனுப்பிட்டு நீங்க வீட்ல இருந்து படிங்கக்கா.

---

திருச்சி_வாத்தியார் பதில்:

தேன், நீ சொன்னது முழுக்க சரி. அந்த ஒண்ணரை வருஷத்துல நான் பேசிட்டே இருப்பேன், ஸ்கிரீன்ல அறுபது கருப்பு கட்டம், ஒரு முகம் கூட தெரியாது. யாருக்கு புரிஞ்சுது யாருக்கு பசிக்குதுனு வகுப்புல முகத்த பாத்தா தெரியும், அதுல தெரியல. திறந்தப்புறம் வந்த பசங்கள்ல சிலருக்கு தொடர்ச்சியா ஒரு பக்கம் எழுத கை வரல, அத நான் கண்ணால பாத்தேன். தானா விரும்பி, தனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சு சேர்றவங்களுக்கு தான் இந்த முறை. ராஜபாளையத்து அம்மா அந்த வகை, அதனால தான் தைரியமா தொடருங்கன்னு சொல்றேன்.

---

பனியன்ஊர்க்காரன் பதில்:

தேன் சொன்ன "ஏன் நேத்து வரல" விஷயத்துக்கு ஒரு வழி இருக்குங்க. குவாலிபயர் பாஸ் ஆனா உங்கள ஒரு ஹவுஸ்ல, அதாவது மாணவர் குழுவுல, போடுவாங்க, காட்டு பேரா வெச்சிருக்காங்க, நீலகிரி, பிச்சாவரம், வயநாடு, சுந்தரவனம்னு. எனக்கு பிச்சாவரம். நான் அத முதல் வருஷம் கண்டுக்கவே இல்ல. கோயம்புத்தூர் செண்டர்ல குவிஸ் (டெர்ம் நடுவுல நேர்ல எழுதற பரிச்சை) எழுத போனப்ப வெளிய டீக்கடைல நின்னு பேசி பழகுனது தான் நாங்க அஞ்சு பேர், ஒருத்தர் பேங்க்ல ரிட்டயர் ஆனவர், ஒரு பொண்ணு இன்னொரு காலேஜ்ல பிகாம் படிச்சுட்டே இதையும் படிக்குது. இப்ப வாரா வாரம் டெட்லைனுக்கு முன்னாடி நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு கால் போட்டு "முடிச்சாச்சா"ன்னு மட்டும் கேட்டுக்குவோம். விடை சொல்லிக்க மாட்டோம். அந்த ஒரு கால் வர ஆரம்பிச்சப்புறம் நான் ஒரு அசைன்மெண்ட் கூட விடலீங்க.

எல்லாமே ஆன்லைன்ல இருந்தா நல்லா இருக்கும்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அந்த நேர்ல எழுதற பரிச்சை இருக்கறதே நல்லதுன்னு படுது. ஞாயித்துக்கிழமை போச்சேன்னு இருக்கும், ஆனா ஹால் டிக்கெட்ட கைல புடிச்சுட்டு நூறு பேரோட வரிசைல நிக்கறப்ப தான் நாமளும் ஸ்டூடண்டுங்கற நினைப்பு வருது. வீட்டுக்காரங்களுக்கும் அன்னைக்கு தான் அது படிப்புன்னு தெரியுது.

---

ராஜபாளையம்_கணக்கு எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுனு தெரியல. ஒரு வாரம் கழிச்சு வர்றேன், நடந்தத சொல்லிடுறேன்.

தாம்பரம் சிஸ்டர் சொன்ன மாதிரி திங்கக்கிழமை நூலகத்துக்கு போனேன். பையோட கிளம்பும்போது மாமியார் "எங்க"ன்னாங்க, "கிளாஸுக்கு"ன்னு சொன்னேன், "எப்ப வருவ"ன்னு மட்டும் கேட்டாங்க. அவ்ளோ தான்! ரெண்டு வாரமா நான் அழுததுக்கு இவ்ளோ தான் பதில். பத்துல இருந்து பன்னெண்டரை வரைக்கும் உக்காந்தேன், பேப்பர் படிக்க வர்ற பெரியவங்களும் குரூப் ஃபோர் படிக்கிற பசங்களும் தான் இருந்தாங்க, ஒருத்தரும் தலைய தூக்கி பாக்கல. வெள்ளிக்கிழமை நூலகம் லீவு, அன்னைக்கு விடியக்காலை நாலரைக்கு எழுந்து படிச்சேன். அவர் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து டீ போட்டு குடுத்தார், நாங்க கல்யாணம் ஆனதுல இருந்து அவர் போட்ட முதல் டீ அது.

வாத்தியார் ஐயா, மூடிட்டு போட்டு பாத்தேன். நீங்க சொன்னது சரி, நேர்கோட்டு சமன்பாட்டுல ரெண்டாவது வரிலயே நின்னுட்டேன். இப்ப அத மட்டும் திரும்ப பாக்குறேன், நேரம் நிஜமாவே மிச்சம் ஆகுது.

தேன், உன் பதில பெரியவளுக்கு வாசிச்சு காட்டுனேன்மா. அந்த நாலு பேர பத்தி கேட்டுட்டே இருந்தா, அந்த அக்கா திரும்ப படிச்சாங்களான்னு கேட்டா, எனக்கு பதில் தெரியல. உனக்கு அவங்க கூட பேச்சு இருந்தா பன்னெண்டாவது தனித்தேர்வரா எழுதலாம்னு சொல்லு.

அசைன்மெண்ட் நாலும் போட்டாச்சு, ஸ்டாட்ஸ் தான் கம்மி. பரிச்சை செண்டருக்கு மதுரை குடுத்திருக்கேன், அவர் அன்னைக்கு லீவு போட்டு கூட வர்றேன்னு சொல்லிருக்கார். காலண்டர் அட்டைல ஷாப்பிங் பில் கார்டு சின்னவன் தான் வெட்டி குடுத்தான், இருபது கேட்டேன், முப்பத்தி ரெண்டு வெட்டிட்டான், தீப்பெட்டி, கடலை மிட்டாய்னு அவனே பொருள் பேரும் விலையும் எழுதி வச்சிருக்கான். அந்த கார்டுகள தான் இப்ப தள்ளிட்டு இருக்கேன்.

பனியன்ஊர் தம்பி, அந்த ஒன்பது மணி கால்ல இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கா?

---

பனியன்ஊர்க்காரன் பதில்:

இருக்குங்க்கா. குவாலிபயர் முடியறதுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், இந்த வாரத்துல இருந்தே வாங்க. நம்பர இங்க போட்ராதீங்க, தனி மெசேஜ்ல அனுப்புங்க. மதுரைக்கு போறப்ப ஒரிஜினல் ஆதார மறக்காம எடுத்துக்கோங்க, ஒரு மணி நேரம் முன்னாடியே போயிருங்க.